அழுத்தினால் ஒளிரும் சென்சார்: தூள் வாங்குவதிலிருந்து அளவு எடுப்பது வரை

வீட்டில் கட்டிக் கற்கண்டு இருந்தால் பெரிதாக ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். டைமண்ட் கற்கண்டு வேண்டாம், ரொம்பப் பொடி. பனங்கற்கண்டும் வேண்டாம், அதன் நிறமே ஒளியை விழுங்கிவிடும். கூடவே ஒரு கட்டிங் பிளேயர். ராத்திரியில் விளக்கை அணைத்து, கதவிடுக்கில் துணி செருகி, கால் மணி நேரம் சும்மா உட்காருங்கள். கண் இருட்டுக்குப் பழகியதும் பிளேயரின் வாயில் கற்கண்டை வைத்து நறுக்கென்று நெரியுங்கள். உடைகிற நொடியில் மங்கலான நீலப் பொறி ஒன்று தெரிந்து மறையும்.

1620இலேயே பிரான்சிஸ் பேக்கன் இதை எழுதிவைத்திருக்கிறார்: கெட்டியான சர்க்கரையை இருட்டில் உடைத்தாலோ சுரண்டினாலோ மினுங்கும் என்று. படிகம் பிளக்கும்போது ஒரு பக்கம் நேர்மின்னும் மறுபக்கம் எதிர்மின்னும் சேர்கின்றன. இடைவெளியில் இருக்கும் காற்றின் நைட்ரஜன் வழியே அவை பாய்கின்றன. குட்டி மின்னல்தான். அந்த ஒளியில் பெரும்பகுதி புறஊதா என்பதால் கண்ணுக்குத் தெரிவது கொஞ்சம். அமெரிக்காவில் வின்டர்கிரீன் மணமுள்ள மிட்டாயை இருட்டில் கடித்துக் காட்டுவார்கள், அது நன்றாகவே நீலமாக ஒளிரும். மிட்டாயில் இருக்கும் மீதைல் சாலிசிலேட் அந்தப் புறஊதாவை வாங்கி நீல ஒளியாகத் திருப்பித் தருகிறது. ஊட்டியில் யூகலிப்டஸ் தைலத்துக்குப் பக்கத்தில் வின்டர்கிரீன் தைலம் என்று ஒரு பாட்டில் விற்பார்களே, அதில் இருப்பதும் இதே பொருள்தான். (முட்டிவலிக்குத் தேய்க்கலாம், வாயில் போடக் கூடாது. விஷம்.)

கற்கண்டு அழகுதான். ஆனால் சென்சாராக அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. உடைந்தால்தான் ஒளிரும், ஒரு தடவை உடைந்தால் கதை முடிந்தது. நமக்கு வேண்டியது உடையாமல், அழுத்தும் ஒவ்வொரு முறையும், அழுத்தத்துக்கு ஏற்ற அளவில் ஒளிரும் பொருள். 1999இல் ஜப்பானின் கியூஷு தீவில் சாவோ-நான் சூவும் அவரது குழுவினரும் அப்படிப்பட்ட தூளைப் பொருள்மீது பரப்பி, எந்த இடத்தில் தகைவு (பொருளுக்குள் ஒரு அலகுப் பரப்பில் இருக்கும் விசை) அதிகம் என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம் என்று காட்டினார்கள். யூரோப்பியம் கலந்த ஸ்ட்ரோன்ஷியம் அலுமினேட்தான் இந்தத் துறையின் அடிப்படைத் தூள். இந்தியாவிலும் ஜபல்பூர், ராய்ப்பூர் பல்கலைக்கழகங்களில் பி. பி. சந்திரா பல பத்தாண்டுகள் இதே துறையில் உழைத்தவர். அழுத்தினால் ஒளிரும் இந்த இயல்பை மெக்கானோலூமினசன்ஸ் என்று சொல்வார்கள். தமிழில் விசையொளிர்வு எனலாம்.

இந்தக் கட்டுரையைப் படித்து முடித்தால் 25 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு வில்லை, அதைப் படிக்கும் ஒரு சின்ன சர்க்யூட், நம்பத்தகுந்த ஒரு வரைபடம் ஆகிய மூன்றையும் ஒரு கல்லூரி லேபில் செய்துவிடலாம். மூன்றாவதுதான் கஷ்டம்.

தூளுக்கு ஞாபகம் உண்டு

செய்முறைக்கு முன் இதை மட்டும் நிதானமாகப் படித்துவிடுங்கள். புராஜெக்ட் செய்கிறவர்கள் பெரும்பாலும் கோட்டைவிடுவது இங்கேதான்.

கோலி விளையாட்டில் குழி தோண்டுவோம் அல்லவா, அப்படி இந்தப் படிகத்துக்குள்ளும் குழிகள் இருக்கின்றன. அணு இல்லாத காலியிடம், வேறு அணு வந்து உட்கார்ந்த இடம் போன்ற குறைபாடுகள்தான் அவை. தூள்மீது புறஊதா அல்லது நீல ஒளி பட்டதும் யூரோப்பியம் அயனியிலிருந்து எலக்ட்ரான் கிளம்பி ஏதோ ஒரு குழியில் விழுகிறது. ஆழமில்லாத குழியில் விழுந்தது அறையின் வெப்பத்திலேயே துள்ளி வெளியே வந்து, திரும்ப யூரோப்பியத்தைச் சேர்ந்து, 520 நானோமீட்டர் பச்சை ஒளியைத் தருகிறது. விளக்கை அணைத்த பின்னும் தூள் மினுமினுப்பது இதனால்தான். சற்று ஆழமான குழியில் விழுந்தது அப்படியே கிடக்கும்.

இப்போது படிகத்தை அழுத்துங்கள். இந்தப் படிக அமைப்பில் சமச்சீர் மையம் இல்லை, ஆகவே அழுத்தினால் உள்ளே மின்புலம் உண்டாகிறது. அந்த மின்புலம் குழியின் கரையைச் சாய்த்துவிடுகிறது. கிடந்த எலக்ட்ரான் உருண்டு வெளியே வருகிறது, பச்சை ஒளி. இதில் இன்னும் பேசித் தீராத விவரங்கள் உண்டு, ஆனால் வேலைக்கு இந்தச் சித்திரம் போதும்.

இதிலிருந்து மூன்று விஷயங்கள் புரிய வேண்டும். வெளிச்சம் காட்டாத தூள் அழுத்தினாலும் ஒளிராது. அழுத்தி முடித்ததும் குழிகள் கொஞ்சம் காலியாகிவிடும், அதே அளவு இரண்டாம் முறை அழுத்தினால் ஒளி குறைவாகவே வரும். மூன்றாவது, அழுத்தாதபோதும் மினுமினுப்பு ஓடிக்கொண்டே இருக்கும், அதன்மேல்தான் நம் சிக்னல் ஏறி உட்கார்கிறது. ஆக இந்தச் சென்சார் காட்டும் எண் இப்போதைய அழுத்தத்தை மட்டும் சொல்வதில்லை. கடைசியாக எப்போது, எவ்வளவு வெளிச்சம் பட்டது என்பதும் அதில் கலந்திருக்கிறது. அந்தக் கலப்பைக் கட்டுப்படுத்துவதே இந்த வேலை. தூளும் பிசினும் சர்க்யூட்டும் சுலபம்.

படி 1: தூளும் பிசினும்

ரெசின் ஆர்ட் செய்கிறவர்களுக்கு இருட்டில் ஒளிரும் பவுடர் என்று விற்கிறார்கள். அதில் பச்சையாக ஒளிர்வது பெரும்பாலும் யூரோப்பியமும் டிஸ்ப்ரோசியமும் கலந்த ஸ்ட்ரோன்ஷியம் அலுமினேட். பகலில் வெளிர் மஞ்சள்பச்சையாக இருக்கும். நீலப்பச்சையாக ஒளிரும் வகை வேறு அலுமினேட், இந்த வேலைக்கு அதை வாங்காதீர்கள். கடைத் தூளில் டிஸ்ப்ரோசியம் சேர்ப்பதே நெடுநேரம் மினுங்குவதற்காக. நமக்கோ அந்த நெடுநேர மினுங்கல்தான் தொல்லை. ஆய்வுக்கூடங்களில் இதற்கென்றே கலவையை மாற்றிச் செய்துகொள்கிறார்கள். முதல் முயற்சிக்குக் கடைத் தூள் போதும், காத்திருக்கும் நேரம்தான் கூடும்.

தூள் கட்டிகட்டியாக இருக்கிறதே என்று கல்வத்தில் போட்டு அரைக்காதீர்கள். அரைத்தால் படிகத்தின் மேற்பரப்பு கெட்டு ஒளி மங்கும். தண்ணீரும் ஆகாது. ஸ்ட்ரோன்ஷியம் அலுமினேட் தண்ணீரோடு வினைபுரிந்து சிதையும், ஆகவே ஃபெவிகால், எமல்ஷன் பெயின்ட் போன்ற தண்ணீர்ப் பிசின்களில் கலக்காதீர்கள். முகக்கவசம் கட்டாயம். தூள் மிக மென்மையாகப் பறக்கும்.

பிசின் விஷயத்தில் ஒரு தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது. சென்சார் என்றால் வளைய வேண்டும் என்று நினைத்து சிலிகானில் கலந்துவிடுகிறார்கள். ஸ்ட்ரோன்ஷியம் அலுமினேட் கல் மாதிரி விறைப்பான படிகம். மெத்தைக்குள் கூழாங்கல்லை வைத்து மேலே உட்கார்ந்தால் மெத்தைதான் நசுங்கும், கல்லுக்கு ஒன்றும் தெரியாது. அதனால் இந்தத் தூளுக்கு விறைப்பான பிசின் வேண்டும், தெளிவான எபாக்சி. வளையும் சென்சார்தான் வேண்டுமென்றால் தூளையே மாற்ற வேண்டும். அது கடைசியில் வருகிறது.

படி 2: வில்லை வார்ப்பது

உள்விட்டம் 25 மில்லிமீட்டர் உள்ள பிளாஸ்டிக் பைப்பை 15 மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக அறுத்துக்கொள்ளுங்கள். உள்ளே வாசலின் லேசாகத் தடவி, அடியில் ஓஎச்பி ஷீட் ஒட்டிவிட்டால் அச்சு தயார்.

ஒரு வில்லைக்கு ஏறக்குறைய 10 கிராம் கலவை வேண்டும். எடையில் 10க்கு 90 என்ற விகிதத்தில், அதாவது தூள் 1 கிராம், எபாக்சி 9 கிராம். எபாக்சியின் இரண்டு பாகங்களையும் டப்பாவில் போட்டிருக்கும் விகிதப்படி தராசில் நிறுத்துக் கலக்குங்கள், கண்ணளவு வேண்டாம். ஐஸ் குச்சியால் மெதுவாகக் கிளறினால் குமிழி குறையும். வாக்குவம் டெசிகேட்டர் (காற்றை உறிஞ்சி வெற்றிடமாக்கும் லேப் குடுவை) கிடைத்தால் ஐந்து நிமிடம் வையுங்கள்.

தூளின் அடர்த்தி எபாக்சியைப் போல மூன்று மடங்குக்கும் மேல். ஊற்றியவுடன் விட்டுவிட்டால் எல்லாம் அடியில் படிந்து, மேலே வெறும் கண்ணாடி போலத் தெளிந்து நிற்கும். நான் முதலில் வார்த்த நான்கு வில்லைகளும் அப்படித்தான் ஆயின. கலவை தேன் பதத்துக்கு இறுகும்வரை கிளறிக்கொண்டே இருந்து, அதன்பின் ஊற்றுங்கள். ஊற்றிய பின்னும் முதல் ஒரு மணி நேரம் அச்சைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தலைகீழாகத் திருப்பலாம், அதற்கு மேலேயும் ஒரு ஷீட் ஒட்டியிருக்க வேண்டும். 24 மணி நேரம் கழித்து எடுத்து, இரு முகங்களையும் உப்புத்தாளில் தேய்த்துச் சரியாக 15 மில்லிமீட்டருக்குக் கொண்டுவாருங்கள்.

குறைந்தது ஆறு வில்லை செய்யுங்கள். ஒன்றை மட்டும் வைத்து எடுத்த அளவை யாரும் நம்ப மாட்டார்கள், நீங்களும் நம்பக் கூடாது.

படி 3: இருட்டு

இருட்டறை என்று நாம் நினைப்பது இருட்டறை இல்லை. கால் மணி நேரம் உள்ளே உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும், பவர் சப்ளையின் பச்சை எல்இடி, ஏசியின் டிஸ்ப்ளே, லேப்டாப்பின் சார்ஜிங் விளக்கு, அணைத்த பிறகும் மங்கலாக ஒளிரும் டியூப் லைட் எல்லாம். ஒவ்வொன்றின்மேலும் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டுங்கள். ஒரு மாலை முழுக்க எடுத்த எங்கள் அளவுகள், கூட இருந்த நண்பனின் போனுக்கு ஒரு வாட்ஸ்அப் வந்ததில் போயிற்று. திரை ஒளிர்ந்தது இரண்டே நொடி, வில்லைக்கு அது போதும். அதிலிருந்து போன் எல்லாம் வெளியே மேசையில்.

அறையை இருட்டாக்க முடியாவிட்டால் பெட்டியை இருட்டாக்குங்கள். உட்புறம் கறுப்பு அடித்த பெட்டி, மேலே இரண்டு மடிப்புக் கறுப்புத் துணி.

படி 4: ஒளியேற்றி, காத்திருந்து, அழுத்துவது

365 நானோமீட்டர் புறஊதா டார்ச் ஒன்று வாங்குங்கள். அதை வில்லையிலிருந்து எப்போதும் ஒரே தூரத்தில் நிற்கும்படி ஸ்டாண்டில் பொருத்துங்கள். கையில் பிடித்தால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு அளவு. கண்ணில் அடிக்கக் கூடாது.

சரியாக 1 நிமிடம் ஒளியேற்றுங்கள். அணையுங்கள். அணைத்த நொடியில் ஸ்டாப்வாட்ச் ஓட வேண்டும். சரியாக 5 நிமிடம் கழித்து அழுத்துங்கள்.

ஏன் 5? இந்தத் தூளின் மினுமினுப்பு ஏறக்குறைய நேரத்துக்கு எதிர்விகிதத்தில் குறையும். முதல் நிமிட முடிவில் இருந்ததைவிட ஐந்தாம் நிமிட முடிவில் சுமார் ஐந்தில் ஒன்று. அதை மறுபடி பாதியாக்க இன்னும் ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டும், அதற்குள் அழுத்தத்துக்கென்று இருக்கும் குழிகளும் கொஞ்சம் காலியாகும். கடைத் தூளில் 5 நிமிடத்திலும் பின்னணி தூக்கலாக இருந்தால் 10 நிமிடம் வையுங்கள். எத்தனை என்பதைவிட எல்லாத் தடவையும் அதே அளவு என்பதுதான் முக்கியம். மூன்றாவது அளவுக்குள் பொறுமை போய் நாலே முக்கால் நிமிடத்தில் அழுத்துவோம். அந்தப் புள்ளி வரைபடத்தில் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும்.

ஒவ்வொரு அழுத்தத்துக்கு முன்பும் திரும்ப ஒளியேற்ற வேண்டும். வில்லையை விரலால் எடுத்து வைப்பதும் பிசகு, விரல் சூட்டில் மினுமினுப்பு கூடும். இடுக்கியைப் பயன்படுத்துங்கள், அறை வெப்பநிலையை நோட்டில் எழுதுங்கள்.

சர்க்யூட்டுக்குப் போவதற்கு முன், முதல் தடவை கண்ணால் பாருங்கள். பெஞ்ச் வைஸில் வில்லையை விளிம்பில் நிறுத்தி, ஒளியேற்றி, காத்திருந்து, கைப்பிடியைச் சட்டென்று கால் சுற்றுத் திருப்புங்கள். தாடைகள் தொடும் இரண்டு புள்ளிகளிலிருந்தும் பச்சை ஒளி எழும்பி, வில்லையின் நடுவை நோக்கி ஒரு பட்டையாகச் சேரும்.

படி 5: ஒளியை எண்ணாக்குவது

இரண்டு வழி. எங்கே தகைவு என்று படமாகப் பார்க்க கேமரா, எவ்வளவு என்று அளக்க ஃபோட்டோடையோடு (ஒளியை மின்னோட்டமாக்கும் சில்லு).

கேமராவில் எல்லாவற்றையும் மேனுவலில் வையுங்கள்: ஐஎஸ்ஓ 3200 அளவில், வொயிட் பேலன்ஸ் பூட்டி, ஃபோகஸ் பூட்டி. போனின் நைட் மோடு பல படங்களைக் கலந்து அழகாக்கித் தரும், நமக்கு அது அளவே இல்லை. ஜேபெக் படத்தில் எண் இரட்டிப்பானால் ஒளி இரட்டிப்பானது என்று பொருளல்ல, அளவெடுக்க ரா கோப்பு (கேமரா எதுவும் மாற்றாமல் சேமிக்கும் படம்) வேண்டும்.

ஃபோட்டோடையோடில் எனக்குப் பிடித்தது ஓபிடி101. பெருக்கியும் 1 மெகாஓம் மின்தடையும் சில்லுக்குள்ளேயே இருக்கின்றன, தனியாக ஆம்ப்ளிஃபயர் கட்டி இரைச்சலோடு சண்டை போட வேண்டாம். ஆர்டுயினோ ஊனோ என்ற சின்ன கன்ட்ரோலர் போர்டின் சொந்த ஏடிசி (வோல்டேஜை எண்ணாக மாற்றும் பகுதி) 10 பிட், அதன் ஒரு படி சுமார் 5 மில்லிவோல்ட். நம் சிக்னல் அதற்குள்ளேயே தொலைந்துபோகும். ஏடிஎஸ்1115 என்ற 16 பிட் சில்லைச் சேர்த்து, 0.256 வோல்ட் எல்லையில் வைத்தால் ஒரு படி 7.8 மைக்ரோவோல்ட், நொடிக்கு 860 அளவுகள் வரை எடுக்கலாம். ஓபிடி101 முழு இருட்டிலும் ஏழெட்டு மில்லிவோல்ட் காட்டும், பயப்பட வேண்டாம். மூடி வைத்து அதை அளந்து கழித்துவிடுங்கள்.

ஃபோட்டோடையோடை வில்லையின் தட்டை முகத்துக்கு எதிரே, தொடாமல், எவ்வளவு நெருக்கமாக முடியுமோ அவ்வளவு நெருக்கமாக வையுங்கள்.

படி 6: அளவுதிருத்தம்

சிவில் லேபில் இருக்கும் 100 டன் யூடிஎம் (இழுத்தும் அழுத்தியும் வலிமை சோதிக்கும் இயந்திரம்) இதற்கு ஆகாது. நமக்கு வேண்டியது 1000 நியூட்டன், அதாவது சுமார் 100 கிலோ எடை. யானையை நிறுக்கும் தராசில் வெண்டைக்காய் நிறுப்பது போலாகிவிடும். சில கிலோநியூட்டன் திறனுள்ள சிறிய இழுவிசை இயந்திரம் மெக்கானிக்கல் அல்லது பாலிமர் துறையில் இருக்கும், கேட்டு வாங்குங்கள்.

வில்லையை விளிம்பில் நிறுத்தி, விட்டத்தின் வழியே அழுத்துங்கள். கான்கிரீட் உருளையைப் படுக்கவைத்துப் பிளக்கும் சோதனை சிவில் மாணவர்களுக்குத் தெரியும், அதே ஏற்பாடுதான். நடுவில் குறுக்குவாட்டு இழுதகைவு என்பது விசையின் இரு மடங்கை, π (3.14), விட்டம், தடிமன் மூன்றையும் பெருக்கியதால் வகுத்தது. 1000 நியூட்டனுக்கு 2000ஐ 3.14 × 25 × 15 ஆல் வகுத்தால் 1.7 மெகாபாஸ்கல். அதே புள்ளியில் மேலும்கீழுமான அமுக்குதகைவு இதைப்போல மூன்று மடங்கு, 5.1 மெகாபாஸ்கல். வில்லை முழுக்க ஒரே தகைவு இல்லை என்பதை மறக்க வேண்டாம். ஃபோட்டோடையோடு மொத்த ஒளியையும் சேர்த்தே பார்க்கிறது. நடுவின் அளவு மட்டும் வேண்டுமென்றால் கேமராப் படத்தில் நடுவை வெட்டி எடுக்க வேண்டும்.

முதல் ஓட்டத்தில் அழுத்தவே செய்யாதீர்கள். ஒளியேற்றி, காத்திருந்து, வெறும் மினுமினுப்பு குறையும் கோட்டை மட்டும் பதியுங்கள். பிறகு எடுக்கும் ஒவ்வோர் அளவிலிருந்தும் இந்தக் கோட்டைக் கழிக்க வேண்டும். புராஜெக்ட் ரிப்போர்ட்களில் நான் முதலில் தேடுவது இந்த வெற்று ஓட்டத்தைத்தான்.

அடுத்து 250, 500, 750, 1000 நியூட்டன், ஒவ்வொன்றும் ஐந்து தடவை. வரிசையாக ஏறிப்போகாமல் கலைத்துப் போட்டு எடுங்கள். நிமிடத்துக்கு 3 மில்லிமீட்டர் வேகம் வைக்கலாம். உச்ச ஒளியை விசைக்கு எதிராக வரைந்தால் ஏறக்குறைய நேர்கோடு கிடைக்கும்.

அந்த நேர்கோட்டைப் பார்த்து உடனே சந்தோஷப்படாதீர்கள். வேகத்தை 6 மில்லிமீட்டராக்கி அதே 1000 நியூட்டனுக்குப் போங்கள். ஒளி கூடியிருக்கும். எலக்ட்ரான் குழியிலிருந்து வெளியேறும் வேகம் தகைவு ஏறும் வேகத்தையும் பொறுத்தது. அழுத்தி அப்படியே பிடித்துக்கொண்டால் ஒளி இறங்கிவிடும். அதாவது இது தராசு போல நிலையான எடையைச் சொல்லும் கருவி இல்லை. தட்டல், மோதல், அதிர்வு, விரிசல் போன்று மாறிக்கொண்டிருப்பதைப் பிடிக்கும் கருவி. சுமை ஏறும் வேகம் தெரியாத இடத்தில் இதை வைத்துத் துல்லியமாக இத்தனை நியூட்டன் என்று சொல்ல முயலாதீர்கள்.

வளையும் வகை, சுருக்கமாக

செம்பு கலந்த துத்தநாக சல்ஃபைடை சிலிகானில் கலந்தால் கதை வேறு. தென்கொரியாவின் டிஜிஐஎஸ்டி என்ற ஆய்வு நிறுவனத்தில் சூன் மூன் ஜியாங் குழுவினர் 2013 வாக்கில் இதைப் பிரபலமாக்கினார்கள். காற்றடித்தால் படபடத்து ஒளிரும் படலங்கள் வரை செய்தார்கள். இங்கே ஒளிக்குக் காரணம் தூளும் சிலிகானும் உரசும் எல்லையில் உண்டாகும் மின்னூட்டம் என்பதே பரவலான விளக்கம். ஆகவே முன்கூட்டி ஒளியேற்ற வேண்டியதில்லை. ஆயிரக்கணக்கான தடவை இழுத்தாலும் தாங்கும்.

எலக்ட்ரோலூமினசன்ஸ் பலகைகளுக்கென்று (மின்சாரம் கொடுத்தால் ஒளிர்பவை) விற்கும், அலுமினா பூசிய தூளாகப் பார்த்து வாங்குங்கள். பிடிஎம்எஸ் சிலிகானை 10க்கு 1 விகிதத்தில் கடினமாக்கியோடு கலந்து, எடையில் தூள் 7 பங்கு, சிலிகான் 3 பங்கு. குமிழி நீக்கி, கண்ணாடியில் அரை மில்லிமீட்டர் பரப்பி, 80 டிகிரி செல்சியஸில் இரண்டு மணி நேரம் அடுப்பில் வைத்தால் போதும். லேடக்ஸ் கையுறை பட்டால் இந்தச் சிலிகான் இறுகாமல் பிசுபிசுத்து நிற்கும், நைட்ரைல் கையுறை போடுங்கள். படலத்தை உரித்து இருட்டில் இழுத்துப் பாருங்கள். கை நடுங்கினால் நடுக்கம்கூடத் தெரியும்.

உண்மையான சோதனை: ஓட்டை போட்ட தகடு

ஜப்பானில் பாலங்களின் விரிசலைக் கண்டுபிடிக்க ஸ்ட்ரோன்ஷியம் அலுமினேட் பூச்சைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். நம் மேசையில் அதன் சின்ன வடிவம், நடுவில் ஓட்டை போட்ட அலுமினியத் தகடு. 50 மில்லிமீட்டர் அகலம், 2 மில்லிமீட்டர் தடிமன், நடுவில் 10 மில்லிமீட்டர் ஓட்டை. ஓட்டையைச் சுற்றி உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, ஸ்பிரிட்டால் துடைத்து, தூளும் எபாக்சியும் எடையில் சரிபாதி கலந்து பிரஷ்ஷால் மெல்லிசாகப் பூசுங்கள். தடியாகப் பூசினால் தகட்டின் திரிபு (நீளும் அளவு) பூச்சின் மேற்பரப்புவரை முழுசாக வந்து சேராது.

5000 நியூட்டனில் இழுத்தால் தகட்டின் பொதுவான தகைவு 50 மெகாபாஸ்கல். ஓட்டையின் ஓரத்திலோ அது மூன்று மடங்கு, 150ஐக் கொஞ்சம் தாண்டும். அகலமான தகட்டுக்கு ஜெர்மன் பொறியாளர் கிர்ஷ் 1898இல் கணக்குப் போட்டுச் சொன்ன அதே மூன்று மடங்கு. தகடு 6061-டி6 போன்ற வலுவான வகையாக இருக்கட்டும். மெத்தென்ற அலுமினியம் அந்த ஓரத்தில் நிரந்தரமாக நீண்டுவிடும்.

ஒளியேற்றி, ஐந்து நிமிடம் காத்திருந்து, இழுவைத் தொடங்குங்கள். இழுக்கும் திசைக்குக் குறுக்கே, ஓட்டையின் இடமும் வலமும் இரண்டு பச்சைப் பிறைகள் எழும். மேலும் கீழும் ஏறக்குறைய இருட்டாக இருக்கும், உற்றுப் பார்த்தால் அங்கேயும் லேசான சாயல் தெரியும், ஏனென்றால் அந்த இடத்தில் தகடு இழுபடாமல் அமுங்குகிறது, தூள் இரண்டுக்கும் ஒளிரும். ஒரு பிறை மட்டும் பிரகாசமாக இருந்தால் தூளைக் குறை சொல்வதற்கு முன் பிடிமானத்தைப் பாருங்கள். தகடு கோணலாக மாட்டியிருக்கும்.